அரெத்ஸோ சந்தையில் பழம்பொருள் வாங்க எத்தனை இத்தாலிய வாக்கியம் வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான்: அடுத்த மாதம் மனைவியோடு இத்தாலி போகிறீர்கள், அரெத்ஸோவில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போய்ச் சின்னதாக ஏதாவது வாங்க ஆசை, இத்தாலிய மொழி தெரியாது, மனப்பாடம் செய்ய ஒரு பத்து வாக்கியம் வேண்டும். கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது: "ஏமாறக் கூடாது, அதே சமயம் அசிங்கமாகவும் நடந்துகொள்ளக் கூடாது." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். விலை கேட்க வாக்கியமே தேவையில்லை, விரலை நீட்டிப் புருவத்தை உயர்த்தினால் போதும். கடைக்காரர் திருப்பிச் சொல்லும் பதிலில் எந்தச் சொல்லுக்குக் காதைத் தீட்ட வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி.

அரெத்ஸோ இருக்கும் தஸ்கனிப் பக்கம் நான் பதினேழு வருடமாக இருக்கிறேன். அதில் ஆறு வருடம் பழைய மரச்சாமான் சீர்செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. அதனால் மரமும் ஓரளவு வெள்ளியும் கைப்பழக்கத்தில் தெரியும். பீங்கான் கொஞ்சம். ஓவியத்தில் நான் கை வைப்பதில்லை, அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உச்சரிப்பு. இதில் தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு, ஆனால் பலரும் ஆங்கிலம் வழியாக இத்தாலியனைப் படித்து அதைக் கெடுத்துக்கொள்கிறோம். இத்தாலியர்களின் த, நாக்கு பல்லில் படும் நம்முடைய த தான். "குவான்டோ கோஸ்டா" இல்லை, "குவான்த்தோ கோஸ்தா." மரம் என்பதற்கு அவர்கள் சொல் லெஞ்ஞோ, அஞ்ஞானத்தில் வரும் அதே ஞ்ஞ. அம்மணி என்று மரியாதையாக அழைக்கும் சிஞ்ஞோராவிலும் அதுவே. அப்புறம், கனிக்கும் கன்னிக்கும் இருக்கும் வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே காதில் விழும். இத்தாலியனிலும் அந்த ஒற்று பொருளை மாற்றும். "குவான்த்தி ஆன்னி ஆ?" என்றால் இதற்கு எத்தனை வயது. ஒரு ன் குறைந்து "ஆனி" ஆகிவிட்டால், உடம்பின் பின்புறத் துவாரம் எத்தனை என்று கேட்டதாக ஆகிவிடும். கடைக்காரர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார், ஆனாலும் அழுத்திச் சொல்லுங்கள். நான் எழுதுவதில் ஸ என்பது ஸ தான். ச்ச என்று வந்தால் பச்சையில் வரும் ச்ச.

சந்தையைப் பற்றி இரண்டு வரி. அரெத்ஸோ சந்தை 1968-இல் இவான் ப்ருஸ்கி என்ற பழம்பொருள் வியாபாரி தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் நடக்கும். உங்கள் பயணத் தேதி அதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்; பொருந்தாவிட்டால் லூக்காவில் மூன்றாவது வார இறுதியில் ஒரு சந்தை உண்டு. அரெத்ஸோவில் பியாத்ஸா கிராந்தே என்ற சரிவான சதுக்கத்திலும் சுற்றியுள்ள தெருக்களிலும் கடை பரப்புவார்கள். நல்ல பொருள் வேண்டுமானால் சனி காலை, விலை இறங்க வேண்டுமானால் ஞாயிறு பிற்பகல். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

கடை முன்னால் நின்றதும் "புவோன்ஜோர்னோ". இதை வாழ்த்து என்று நினைக்காதீர்கள், அது நுழைவுச்சீட்டு. வணக்கம் சொல்லாமல் நேராகப் பொருளைத் தூக்குகிறவரிடம் விலை ஏறும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முகம் இறுகுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். "ச்சாவ்" என்ற வணக்கம் நண்பர்களுக்கும் குழந்தைகளுக்கும். அறுபது வயது வியாபாரியிடம் அதைச் சொன்னால் முன்பின் தெரியாத பெரியவரை "வா" என்று கூப்பிட்டது மாதிரி. பொருளைத் தொடுவதற்கு முன் "போஸ்ஸோ?" போதும். "செய்யலாமா" என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு கை பொருளை நோக்கிப் போனால் "எடுத்துப் பார்க்கலாமா" என்று ஆகிவிடும். சும்மா பார்க்க வந்திருந்தால் "தோ உனொக்கியாத்தா", அதாவது ஒரு பார்வை பார்க்கிறேன். இதைச் சொன்னால் பின்னாலேயே வர மாட்டார்கள்.

இனி முக்கியமான கேள்வி: "தி கே எப்போக்கா ஏ?" எந்தக் காலத்துப் பொருள் இது? பதில் பெரும்பாலும் ஒரே சொல்லில் வரும்: ஸெத்தேச்சென்த்தோ, ஒத்தோச்சென்த்தோ, நொவேச்சென்த்தோ. நேரடிப் பொருள் எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். ஆயிரத்தை விழுங்கிவிட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம், ஆகவே ஒத்தோச்சென்த்தோ என்றால் 1800-கள், நாம் சொல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டு. நூற்றாண்டு எண்ணில் ஒன்று தள்ளிப்போகும், அங்கே குழம்பாதீர்கள். "ப்ரீமி நொவேச்சென்த்தோ" என்றால் 1900-களின் தொடக்கம். "ஆன்னி ச்சின்க்வான்த்தா" என்றால் 1950-கள். அது பழம்பொருள் கணக்கில் வராது, மொதெர்னரியாத்தோ என்று தனிப் பிரிவு. பழம்பொருளை விட அதற்கு விலை கூடுதலாக இருப்பதும் உண்டு.

இந்த ஒத்தோச்சென்த்தோவில் ஒரு பொறி இருக்கிறது. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரை இதே சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தேன். நான் காபி வாங்கப் போன பத்து நிமிடத்தில் ஆறு வெள்ளிக் கரண்டிகளை 90 யூரோவுக்கு வாங்கிவிட்டுப் பெருமையாக நின்றார். "நூற்றைம்பது வருடம் பழசாம், அவரே சொன்னார்." கடைக்காரர் சொன்னது "அர்ஜென்த்தோ ஒத்தோச்சென்த்தோ". வெள்ளியோடு சேர்ந்து வரும்போது அது நூற்றாண்டு இல்லை, தரம்: ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. இத்தாலியில் பழைய கரண்டி, தட்டு, கிண்ணம் எல்லாம் பெரும்பாலும் 800 தரம்தான், 925 அதற்கு மேல். கரண்டியைத் திருப்பிப் பார்த்தேன். 800 என்ற முத்திரைக்குப் பக்கத்தில் நீண்ட அறுகோணத்துக்குள் ஒரு குட்டி நட்சத்திரம், ஓர் எண், மாகாணத்தின் இரண்டெழுத்து. அந்த நட்சத்திர முத்திரை 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கரண்டிக்கு என்னைவிட வயது குறைவு! வியாபாரி பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வெள்ளி நல்ல வெள்ளி, விலையும் மோசமில்லை, காதில் விழுந்ததுதான் வேறு.

அதனால் வெள்ளி வாங்கினால் கேட்க வேண்டியது "ச்சே இல் புன்த்ஸோனே?" முத்திரை இருக்கிறதா? நட்சத்திரம் இருந்தால் 1968-க்குப் பிறகு. சாய்சதுரத்துக்குள் எண்ணும் மாகாண எழுத்தும் இருந்தால் அதற்கு முந்தைய முறை, 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அதில் கோடரி செருகிய கழிக்கட்டு, அதாவது முசோலினி ஆட்சியின் சின்னம், தெரிந்தால் 1944-க்கு முந்தையது. இந்த அளவு உறுதியாகச் சொல்வேன். அதற்கும் முந்தைய முத்திரைகள் ஊருக்கு ஊர், அரசுக்கு அரசு மாறும். அதற்குப் புத்தகம் வைத்துத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், சந்தையில் நின்றபடி முடிவு செய்ய முடியாது. அர்ஜென்தாத்தோ என்றால் வெள்ளிமுலாம். ஷெஃபீல்ட் என்று சொன்னாலும் இங்கே அதே அர்த்தம்தான். இங்கிலாந்துப் பொருள் என்று நினைத்து மயங்க வேண்டாம்.

மரச்சாமானுக்கு வந்தால் ஒரு சின்ன இடைச்சொல்லில் விலை தலைகீழாகும். "தெப்போக்கா" என்றால் அந்தக் காலத்திலேயே செய்தது. "இன் ஸ்தீலே" என்றால் அந்தக் காலத்துப் பாணியில் பின்னால் செய்தது. லுயீஜி ஃபிலிப்போ என்ற பெயரை இந்தச் சந்தையில் அடிக்கடி கேட்பீர்கள். 1830 முதல் 1848 வரை பிரான்சை ஆண்ட மன்னரின் பெயர், அந்தக் காலத்து அலமாரி, இழுப்பறைப் பெட்டிகளின் பாணிக்கும் அதே பெயர். "இன் ஸ்தீலே லுயீஜி ஃபிலிப்போ" என்று சொன்னால் அது 1970-இல் செய்ததாகவும் இருக்கலாம், வியாபாரி உங்களிடம் நேர்மையாகவே பேசியிருக்கிறார். நேர்மை குறைந்தவர் இன் ஸ்தீலே என்ற இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டு மன்னர் பெயரை மட்டும் சொல்வார். அப்போது நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "தெப்போக்கா ஓ இன் ஸ்தீலே?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். எனக்கு மிகவும் பிடித்த இத்தாலிய வாக்கியம் இதுதான்.

இன்னொரு தொழில்சொல் கோஏவோ, உடன்காலத்தது என்று பொருள். "இல் பியானோ ஏ கோஏவோ?" மேல்பலகை அதே காலத்ததா? பழைய பெட்டிக்குப் புதுப் பலகை போடுவதும், இரண்டு உடைந்த சாமான்களைச் சேர்த்து ஒன்றாக்குவதும் இந்தத் தொழிலில் சாதாரணம். அப்படிச் சேர்த்ததை அஸ்ஸெம்ப்லாத்தோ என்பார்கள். நான் வேலை பார்த்த பட்டறையிலும் செய்தோம், அதில் குற்றம் ஒன்றுமில்லை, சொல்லி விற்கிற வரைக்கும். "ஏ ஸ்தாத்தோ ரெஸ்தவ்ராத்தோ?" சீர்செய்யப்பட்டதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றே வரும், நூறு வருடம் புழங்கிய நாற்காலியை யாரும் தொடாமலே இருந்திருக்க மாட்டார்கள். ஒன்றுமே செய்யவில்லை என்று அடித்துச் சொல்கிறவரிடம்தான் நான் கவனமாக இருப்பேன். அப்புறம் "போஸ்ஸோ வெதேரே இல் ரேத்ரோ?" பின்பக்கம் பார்க்கலாமா? முன்பக்கம் எல்லாச் சாமானும் அழகாகத்தான் இருக்கும். இழுப்பறையை வெளியே உருவி அடியைத் தடவிப் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் மெல்லிய மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும், இயந்திரம் அறுத்ததில் தெரியாது.

உளுத்த துளைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மரப்புழுவுக்குத் தார்லோ என்று பெயர். "இல் தார்லோ ஏ அத்தீவோ?" புழு இப்போதும் உயிரோடு இருக்கிறதா? இல்லை என்பதுதான் பதிலாக இருக்கும், ஆகவே கேட்டுவிட்டு நீங்களே ஒரு தட்டு தட்டுங்கள். வெளிர்நிறத்தில் புதுப் பொடி உதிர்ந்தால் வாங்காதீர்கள், வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவும். துளை இருப்பதாலேயே பழசு என்று சொல்ல முடியாது. துளைபோட்டுப் பழசாக்குகிறவர்கள் உண்டு. புழு போட்ட துளை உள்ளே போய் வளையும், ஊசி விட்டால் சீக்கிரமே தடுக்கும். துளைக்கருவி போட்டது நேராக இறங்கும். துளைக்குப் பதிலாகப் புழு போன பாதையே வாய்க்கால் மாதிரி மேற்பரப்பில் நீளமாகத் திறந்து கிடந்தால், பழைய பலகையை எடுத்து மறுபடி அறுத்து இழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மரம் பழசு, சாமான் புதுசு.

பீங்கானுக்கு இரண்டு சொல் போதும். விளிம்பு சில்லுபோயிருந்தால் ஸ்பெக்கத்தூரா, மயிரிழை விரிசல் ஃபெலத்தூரா. கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து விரல்நகத்தால் சுண்டுங்கள், மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். மணிச்சத்தம் வந்தால் சரி, மந்தமாக வந்தால் எங்கோ விரிசல். ஓவியத்துக்கு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். "அத்ரிபுயீத்தோ ஆ" என்றால் இன்னாருடையதாகக் கருதப்படுவது, "பொத்தேகா தி" என்றால் அவர் பட்டறையில் செய்தது, "ஸ்குவோலா தி" என்றால் அவர் வழிவந்தவர்கள், "அல்லா மனியேரா தி" என்றால் அவர் மாதிரி யாரோ. ஒவ்வொரு படிக்கும் அந்தப் பெரிய பெயர் ஒரு படி தள்ளிப்போகிறது. பிடித்திருந்தால் சுவரில் மாட்ட வாங்குங்கள், முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இனிப் பேரம் பேசலாமா என்ற கேள்வி. சந்தையில் தாராளமாக. நிரந்தரக் கடை வைத்திருக்கும் அன்திக்குவாரியோவிடம், அதாவது பழம்பொருள் வியாபாரியிடம், அளவாக, ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். விலைக்கு "குவான்த்தோ வியேனே?" என்பது "குவான்த்தோ கோஸ்தா?"வை விட உள்ளூர்க்காரர் பேச்சு. எண்கள் காதில் தப்பும், குறிப்பாக ஸெஸ்ஸான்த்தாவும் ஸெத்தான்த்தாவும், அறுபதும் எழுபதும். வெட்கப்படாமல் "மே லோ புவோ ஸ்க்ரீவெரே?" எழுதிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். குறைக்கச் சொல்ல "மி புவோ வெனீரே இன்கொன்த்ரோ?" நாம் "கொஞ்சம் இறங்கி வாங்க" என்போம், அவர்கள் "என்னை எதிர்கொண்டு வருவீர்களா" என்கிறார்கள். இறங்கச் சொல்வதில் அவர் மேலே இருப்பதாக ஆகிறது, இதில் இரண்டு பேரும் நடந்து நடுவில் சந்திக்கிறார்கள். உடனே ஒரு தொகையை நீங்கள் சொல்லாமல் அவர் சொல்லும்வரை காத்திருங்கள். அவர் "ச்சி ரிமெத்தோ" என்றால் நம் ஊர் "எனக்கே கட்டுப்படியாகாது" தான், அதே நடிப்பு, அதே பெருமூச்சு. இரண்டு பொருள் சேர்த்து வாங்கும்போது "ஸே நே ப்ரென்தோ தூவே?", இரண்டாக எடுத்தால் எவ்வளவு என்று கேட்டால் இறங்குவது எளிது.

செய்யக் கூடாதது, பொருளைக் குறை சொல்வது. "இது உடைசல், இதற்குப் போய் இவ்வளவா" என்கிற பாணி நம் ஊர்ச் சந்தையில் செல்லுபடியாகும், இங்கே பேச்சு அதோடு நின்றுவிடும். அழகாக இருக்கிறது, ஆனால் என் கணக்குக்கு மேலே போகிறது என்று சொல்லுங்கள்: "ஏ பெல்லிஸ்ஸிமோ, மா ஏ துரோப்போ பெர் மே." கடைசியாக "ச்சி பென்ஸோ", யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாக நகருங்கள். பத்தில் நான்கு முறையாவது முதுகுக்குப் பின்னால் ஒரு புது எண் கேட்கும். இது என் அனுபவக் கணக்கு மட்டுமே. உண்மையிலேயே யோசிக்க நேரம் வேண்டுமானால் "மே லோ மெத்தே தா பார்த்தே?" எடுத்து வைப்பீர்களா என்று கேட்கலாம். கேட்டுவிட்டால் திரும்பிப் போய் வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

காசு கொடுக்கும்போது "மி ஃபா லா ரிச்சேவூத்தா?" ரசீது. சின்னப் பொருளுக்கு முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். விலை கூடிய பொருளானால் எந்தக் காலம், என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பழம்பொருளைத் தொழிலாக விற்கிறவர் அதன் உண்மைத்தன்மைக்கும் வரலாற்றுக்கும் எழுத்தில் சான்று தர வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. வாயால் "ஸெத்தேச்சென்த்தோ" என்றவர் எழுதும்போது "பழைய மேசை" என்று மட்டும் எழுதினால் அதுவே பதில்.

நாட்டை விட்டுக் கொண்டுபோவதில் விதி உண்டு. 70 வருடத்துக்கு மேல் பழையது, செய்தவர் உயிரோடு இல்லை, மதிப்பு 13,500 யூரோவுக்கு மேல் என்றால், லீபெரா ச்சிர்க்கொலத்ஸியோனே என்ற அனுமதிச் சான்று இல்லாமல் வெளியே போகக் கூடாது. மதிப்பு அதற்குள் என்றால் ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஒரு சுய அறிவிப்பு தர வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று விற்கிறவரிடமே கேளுங்கள், பழக்கமானவர்களுக்குத் தெரியும். "நொத்திஃபிக்காத்தோ" என்று யாராவது சொன்னால் அரசு முக்கியப் பொருளாக அறிவித்தது, அதை மறந்துவிடுங்கள். மண்ணிலிருந்து எடுத்த நாணயம், ரோமானிய விளக்கு, சிலைத்துண்டு என்று யாராவது துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினால் தொடாமல் நகருங்கள். மண்ணுக்கடியில் கிடைப்பது அரசுக்குச் சொந்தம் என்பது அங்கே 1909 முதல் இருக்கும் சட்டம். தொல்பொருளுக்கு அந்த மதிப்பு வரம்பும் பொருந்தாது. தந்தத்தில் செய்ததும் வேண்டாம், இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது.

வரி திரும்பக் கிடைக்குமா என்றால், சந்தேகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பத் தரும் முறை இருக்கிறது. ஆனால் பழம்பொருள் விற்கிறவர்கள் பலரும் தங்கள் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்கிறார்கள். அந்த ரசீதில் வரி தனியாகக் காட்டப்படாது, திரும்பப் பெறவும் முடியாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கட்டித் தரும்போது "மே லோ இன்கார்த்தா பேனே? ப்ரென்தோ லாஏரேயோ" என்று சொல்லுங்கள்: நன்றாகச் சுற்றித் தாருங்கள், விமானத்தில் போகிறேன். குமிழி பிளாஸ்டிக்குக்கு ப்ளூரிபால் என்று பெயர். சிலரிடம் இருக்கும், பலரிடம் நேற்றைய செய்தித்தாள்தான். ஆகவே ஒரு பழைய துண்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கரண்டி, கிண்ணம் கைப்பையில் வரலாம். வெள்ளிப் பிடிபோட்ட கத்தி, காகிதம் வெட்டும் கத்தி, பழைய கத்தரிக்கோல் வாங்கினால் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.